பங்குபோட்ட அதிகாரம்: டெக்சாஸ் ஆளப்படும் விதம்

தமிழில் ‘ஆளுநர்’ என்றதும் மத்திய அரசு நியமித்து ராஜ்பவனில் வந்து அமரும் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அமெரிக்க மாநிலத்தின் கவர்னர் அப்படிப்பட்டவர் அல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவர்தான் மாநில அரசின் முகம்; பதவியின் எடையை வைத்துப் பார்த்தால் நம் முதலமைச்சருக்கு இணையானவர். டெக்சாஸுக்கு வந்தால் இந்த ஒப்பீட்டையும் பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய மாநிலமான அதன் கவர்னருக்கு அமைச்சரவை கிடையாது. அரசின் வழக்குகளை நடத்தும் அட்டர்னி ஜெனரல், கருவூலத்தைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்ட்ரோலர், அரசு நிலங்களுக்குப் பொறுப்பான நில ஆணையர், வேளாண் ஆணையர் என எல்லாருமே தனித்தனியாகத் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். கவர்னர் அவர்களை நியமிப்பதில்லை, நீக்கவும் முடியாது. பட்ஜெட்டின் அடிப்படை வரைவை எழுதுவது சட்டமன்றத்தின் வாரியம். எண்ணெய், எரிவாயுத் தொழிலை மேற்பார்க்கும் ‘ரயில்பாதை ஆணைய’த்தின் மூன்று உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள்தாம். (அந்த ஆணையத்துக்கும் ரயிலுக்கும் 2005-க்குப் பிறகு எந்தத் தொடர்பும் இல்லை, பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.) அமெரிக்க அரசியல் பாடநூல்கள் நெடுங்காலம் டெக்சாஸைப் பலவீனமான கவர்னர் பதவிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்ததில் வியப்பில்லை. ஆனால் அதே பதவியில் 2015 முதல் இருக்கும் கிரெக் ஆபட், ஓர் ஆணையால் மாநிலம் முழுவதையும் முகக்கவசம் அணியவைத்தார். இன்னோர் ஆணையால் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கவே கூடாது என்று நகரங்களைத் தடுத்தார். சட்டமன்றத்தின் சொந்தச் செலவுக்கான நிதியையே வெட்டினார். தம் கட்சிக்குள் தம்மை எதிர்த்த உறுப்பினர்களைத் தேர்தலில் வீழ்த்தினார். காகிதத்தில் பலவீனமான பதவிக்கு இந்த வலு எங்கிருந்து வந்தது? என் பதில் இது: டெக்சாஸ் அரசமைப்பு அதிகாரத்தைப் பல கைகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்ததே தவிர, அந்தக் கைகள் எல்லாம் பதில் சொல்ல வேண்டிய வாக்காளர்களைப் பங்குபோடவில்லை. கூடவே, சட்டமன்றத்தின் காலத்தைச் சுருக்கியபோது, மிச்சக் காலம் யார் கையில் போய்ச் சேரும் என்பதையும் அது யோசிக்கவில்லை.

இதன் வேர் 1870-களில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களை மறுபடி ஒன்றியத்தில் சேர்த்த மறுசீரமைப்புக் காலத்தில், டெக்சாஸின் 1869 அரசமைப்பு வலுவான கவர்னரை உருவாக்கியது. பதவிக்காலம் நான்கு ஆண்டு. 1870-இல் அந்த நாற்காலிக்கு வந்த எட்மண்ட் டேவிஸ், போரில் ஒன்றியத்தின் பக்கம் நின்று சண்டையிட்ட டெக்சாஸ்காரர்; குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அவர் மாநிலக் காவல்படை ஒன்றை அமைத்தார், பொதுப் பள்ளிகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார், அதற்காக வரியையும் கூட்டினார். 1873 டிசம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் கோக் அவரைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அரசமைப்பின் ஒரு வரியில் இருந்த அரைப்புள்ளியை வைத்து மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலே செல்லாது என்றது. ஜனநாயகக் கட்சியினர் தீர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. 1874 ஜனவரியில் தலைநகர் ஆஸ்டினின் சட்டமன்றக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் டேவிஸ் ஆட்களோடு இருக்க, மேல்தளத்தில் புதிய சட்டமன்றம் கூடியது. குடியரசுத் தலைவர் கிராண்ட் படை அனுப்ப மறுத்த பிறகு டேவிஸ் வெளியேறினார். அவருக்கு அடுத்த குடியரசுக் கட்சி கவர்னரைப் பார்க்க டெக்சாஸ் 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டேவிஸின் ஆட்சியைக் கொடுங்கோன்மை என்று டெக்சாஸ் வரலாற்று நூல்கள் பல தலைமுறைகளாக எழுதிவந்தன. அந்தச் சொல்லை அப்படியே ஏற்க முடியாது. அவருடைய காவல்படையில் கறுப்பின வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகளைக் கொலையிலிருந்தும் கொள்ளையிலிருந்தும் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. வரிச்சுமை மீதான கோபம் உண்மையானதுதான். துப்பாக்கி ஏந்திய கறுப்பினக் காவலர் மீதான கோபமும் அதே அளவு உண்மையானது. ‘அரசு என்றாலே ஆபத்து’ என்று பிற்காலத்தில் கொள்கையாகச் சொல்லப்பட்டது, தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட அரசு, குறிப்பிட்ட மக்களுக்காக அதிகாரத்தைப் பயன்படுத்தியதன் மீதான எதிர்வினை.

1875-இல் கூடிய அரசமைப்பு மாநாட்டின் 90 பேரில் 75 பேர் ஜனநாயகக் கட்சியினர். கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் பெருந்திரளாக இருந்தார்கள். சிக்கனம் அவர்களுக்கு வெறியாகவே இருந்தது. மாநாட்டு நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்கச் சுருக்கெழுத்தாளர் வைத்தால் செலவாகும் என்று அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் அங்கே நடந்த விவாதங்களைப் பற்றி வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகள்தாம். கவர்னரின் சம்பளம் 5,000 டாலரிலிருந்து 4,000-ஆகக் குறைந்தது, பதவிக்காலம் இரண்டு ஆண்டாகியது. சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடினால் போதும் என்று முடிவாயிற்று. உறுப்பினருக்கு முதல் 60 நாளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர், அதற்கு மேல் உட்கார்ந்தால் 2 டாலர் என்று வைத்தார்கள்: கூலியைக் குறைத்தால் வேலையை முடித்துக்கொண்டு ஊர்போய்ச் சேர்வார்கள் என்ற கணக்கு. முக்கிய அதிகாரிகள் பெரும்பாலும் தேர்தலில் வர வேண்டும், நீதிபதிகளும்கூட. 1876-இல் மக்கள் ஒப்புதல் பெற்ற இந்த ஆவணம் 500-க்கும் மேற்பட்ட திருத்தங்களைச் சுமந்துகொண்டு இன்றும் நடப்பில் இருக்கிறது. கவர்னரின் காலம் 1970-களில் மறுபடி நான்கு ஆண்டானது. கூட்டத்தொடருக்கு 140 நாள் என்ற உச்சவரம்பை 1960 திருத்தம் வைத்தது. உறுப்பினரின் சம்பளம் மாதம் 600 டாலர் என்று 1975-இல் நின்றுபோய், இன்னமும் அங்கேயே நிற்கிறது. எலும்புக்கூடு மட்டும் 1876-உடையதுதான்.

இந்த எலும்புக்கூட்டை வரைந்தவர்கள் கவனிக்காத முதல் விஷயம், காலம். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் கூடும் சட்டமன்றம் மே மாத இறுதியில் கலைந்துவிடும். 150 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையும் 31 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்து ஆயிரக்கணக்கான மசோதாக்களை இந்த 140 நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்பதால், பட்ஜெட் உட்பட முக்கியமானவை பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் நிறைவேறும். கூட்டத்தொடர் முடிந்தபின் கையெழுத்திடவோ வீட்டோ செய்யவோ கவர்னருக்கு 20 நாள் அவகாசம் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் வீட்டோவை முறியடிக்கும் உரிமை சட்டமன்றத்துக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தச் சட்டமன்றம் அங்கே இருக்க வேண்டுமே. உறுப்பினர்கள் ஊருக்குப் போய்விட்டிருப்பார்கள். தாங்களாகத் திரும்பிக் கூட அவர்களுக்கு அதிகாரமில்லை. சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டுவதும், அதில் எதைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்று வரையறுப்பதும் கவர்னரின் உரிமை. ஒரு கவர்னரின் வீட்டோ கடைசியாக முறியடிக்கப்பட்டது 1979-இல். 2001-இல் கவர்னர் ரிக் பெர்ரி ஒரே கூட்டத்தொடரின் 80-க்கும் மேற்பட்ட மசோதாக்களை வீட்டோ செய்தார். பெரும்பாலானவை உறுப்பினர்கள் ஊர்போய்ச் சேர்ந்தபின் ஒரே நாளில் விழுந்தன. சட்டமன்றம் குறைவாகக் கூடினால் அரசு குறைவாகச் செய்யும் என்று 1875-இல் கணக்குப் போட்டார்கள். சட்டமன்றம் இல்லாத 19 மாதங்களில் அரசு மூடிக் கிடப்பதில்லை. யார் கையில் இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. 2021 மே இறுதியில், ஒரு தேர்தல் மசோதாவைத் தடுக்க ஜனநாயகக் கட்சியினர் அவையைவிட்டு வெளிநடப்புச் செய்தபோது, ஆபட் பட்ஜெட்டில் சட்டமன்றத்துக்கான பகுதியை முழுதாக வீட்டோ செய்தார். ஏறக்குறைய 2,100 ஊழியர்களின் சம்பளம் கேள்விக்குறியானது. ஓர் அரசுக் கிளை இன்னொன்றின் சோற்றில் கைவைக்கலாமா என்று மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்; நீதிமன்றம் தலையிட மறுத்தது. பிறகு ஒரு சிறப்புக் கூட்டத்தொடரில் அந்த நிதி திரும்பக் கிடைத்தது. அந்தக் கூட்டத்தொடரைக் கூட்டியவரும் அவர்தான்.

நியமனங்களிலும் இதே கதை. துறைகளைப் பெரும்பாலும் வாரியங்களும் ஆணையங்களும்தான் நடத்துகின்றன. அவற்றின் உறுப்பினர்களுக்குப் பொதுவாக ஆறு ஆண்டுப் பதவிக்காலம். இரண்டு ஆண்டுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே மாறுவார்கள். புதிதாக வரும் கவர்னர் முந்தையவரின் ஆட்களோடுதான் காலம் தள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு, நான்கு ஆண்டுகளில் கவர்னர்கள் மாறிக்கொண்டிருந்த காலத்தில் அது வேலை செய்தது. ஆனால் ஒருவர் எத்தனை முறை கவர்னராகலாம் என்பதற்கு டெக்சாஸில் வரம்பில்லை. 2000 டிசம்பரில், கவர்னராக இருந்த ஜார்ஜ் புஷ் வாஷிங்டனுக்குக் கிளம்பியபோது பதவியேற்ற பெர்ரி 2015 ஜனவரி வரை இருந்தார். பதினான்கு ஆண்டில் ஏறக்குறைய எல்லா வாரியங்களிலும் எல்லா நாற்காலிகளும் அவர் நிரப்பியவை. ஒரு நான்காண்டுக் காலத்தில் டெக்சாஸ் கவர்னர் செய்யும் நியமனங்கள் சுமார் 1,500. பணம் வாங்காமல் கௌரவத்துக்காக வாரியத்தில் உட்கார விரும்பும் வழக்கறிஞருக்கும், தொழிலதிபருக்கும், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இடம் கேட்கும் பழைய மாணவருக்கும் கவர்னரின் தயவு தேவைப்படுகிறது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறாமலே, வெறும் நீடிப்பாலேயே பதவி கனத்துவிட்டது.

அதிகாரம் கவர்னரிடம் சேர்ந்த மூன்றாவது வழி, நெருக்கடி. 1975-இல் சட்டமன்றமே இயற்றிய பேரிடர்ச் சட்டம் கவர்னருக்குச் சட்டத்துக்கு நிகரான ஆணைகளைப் பிறப்பிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. பேரிடர் அறிவிப்பு 30 நாள் செல்லும். அதன்பின் அவரே புதுப்பிக்கலாம். சட்டமன்றம் எப்போது வேண்டுமானாலும் அதை முடித்துவைக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. சட்டமன்றம் எப்போது இருக்கும் என்பதைத்தான் மேலே பார்த்தோம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் புயலை எதிர்பார்க்கும் கரையோரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. கோவிட் பேரிடர் அறிவிப்பு 2020 மார்ச்சில் தொடங்கி மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டு 2023 ஜூன் வரை நீண்டது. 2021 மே மாத இறுதியில், மெக்சிகோ எல்லை வழியாக ஆட்கள் வருவதையும் ஆபட் பேரிடராக அறிவித்தார். அதற்கு முன்பே தொடங்கியிருந்த ‘ஆபரேஷன் லோன் ஸ்டார்’ என்ற எல்லைக் காவல் திட்டத்துக்கு மாநிலம் செலவழித்தது 1,100 கோடி டாலருக்கு மேல். குடிவரவு ஒன்றிய அரசின் துறை என்பது அமெரிக்காவில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அந்தத் திட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். என் அக்கறை இதில்: புயலுக்காகக் கொடுத்த அதிகாரம் எல்லைக்கும் பொருந்தும் என்று கவர்னர் வைத்துக்கொண்டபோது, அதை மறுத்துச் சொல்ல வேண்டிய சட்டமன்றம் அதற்குப் பணமும் ஒதுக்கிக் கொடுத்தது.

சட்டமன்றத்துக்குள்ளும் அதிகாரம் இப்படித்தான் சேர்ந்தது. துணை கவர்னர் என்ற பெயரைக் கேட்டால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் என்று தோன்றும். அரசமைப்பு அவருக்குத் தருவதும் அதிகமில்லை: செனட்டுக்குத் தலைமை தாங்கலாம், சமநிலை வந்தால் வாக்களிக்கலாம். மற்றதெல்லாம் செனட் தன் விதிகளில் தானே எழுதிக் கொடுத்தது: குழுக்களுக்கு ஆள் போடுவது, மசோதாவை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்பது, எதை எப்போது விவாதத்துக்கு எடுப்பது என்பது. போதாததற்கு, பட்ஜெட் வரைவை எழுதும் வாரியத்துக்கும் அவர் பிரதிநிதிகள் அவையின் சபாநாயகரோடு சேர்ந்து தலைமை வகிக்கிறார். 2025-இல் நிறைவேறிய ஈராண்டு பட்ஜெட் சுமார் 33,800 கோடி டாலர். 1990-களில் இந்தப் பதவியில் இருந்த பாப் புல்லக், கவர்னரைவிட வலியவர் என்று வெளிப்படையாகவே பேசப்பட்டார். அவர் ஜனநாயகக் கட்சி. கவர்னர் புஷ் குடியரசுக் கட்சி. இருவரும் சேர்ந்துதான் ஆட்சி நடந்தது. அப்போது செனட்டில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஒரு மசோதா விவாதத்துக்கு வர 31-இல் 21 பேர் சம்மதிக்க வேண்டும். சிறுபான்மைக் கட்சி 11 பேரைத் திரட்டினால் எதையும் நிறுத்தலாம் என்பதால், முன்கூட்டியே பேசிச் சமரசத்துக்கு வருவது பழக்கமாயிற்று. 2015-இல் துணை கவர்னராக வந்த டான் பேட்ரிக்கின் கீழ் அந்த எண் 19 ஆயிற்று; குடியரசுக் கட்சிக்கு அப்போது 20 இடங்கள். 2020 தேர்தலுக்குப் பிறகு கட்சியின் பலம் 18 ஆகக் குறைந்தது. 2021-இல் விதியின் எண்ணும் 18 ஆயிற்று. இதற்கெல்லாம் அரசமைப்பைத் தொட வேண்டியிருக்கவில்லை, மக்களிடம் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. அளவுகோலை ஆளுக்குத் தக்க வெட்டிக்கொண்டார்கள்.

அதிகாரத்தைச் சிதறவைத்தால் கொடுங்கோன்மை வராது என்பதோடு, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும் எளிதாகிவிடும். அதைப் பார்க்க 2021 பிப்ரவரியின் பனிப்புயலைவிட நல்ல இடம் இல்லை. 45 லட்சம் வீடுகளில் மின்சாரம் போயிற்று. மாநில சுகாதாரத் துறையின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். டெக்சாஸின் பெரும்பகுதி, ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டைத் தவிர்ப்பதற்காகவே மற்ற மாநிலங்களின் மின்தொகுப்போடு சேராமல் தனித்து இயங்குகிறது. அந்தத் தொகுப்பை நடத்துவது எர்காட் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம்; அதை மேற்பார்ப்பது கவர்னர் நியமிக்கும் பொதுப் பயன்பாட்டு ஆணையம். மின்நிலையங்களில் எரியும் இயற்கை எரிவாயுவோ தேர்தலில் வரும் ரயில்பாதை ஆணையத்தின் கீழ். குளிரில் எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. எரிவாயு இல்லாமல் மின்நிலையங்கள் நின்றன. மின்வெட்டு எரிவாயுக் குழாய்களுக்கு அழுத்தம் கொடுக்கும் நிலையங்களையே தாக்கியது, ஏனென்றால் தங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று கேட்கும் படிவத்தைப் பல எரிவாயு நிறுவனங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கவில்லை. இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள், இரண்டு வேறு எசமானர்கள், நடுவில் ஒரு படிவம். புயல் ஓய்ந்த பிறகு பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களும் ஒரு மாதத்துக்குள் பதவி விலகினார்கள். ரயில்பாதை ஆணையத்தில் ஒருவரும் விலகவில்லை. தேர்தலில் வந்தவர்கள் மக்களுக்கு அதிகம் பதில் சொல்வார்கள் என்ற 1876-இன் நம்பிக்கை இங்கே தலைகீழாக நின்றது.

இதற்கு டெக்சாஸ்காரர் சொல்லும் முதல் பதிலை லேசாக ஒதுக்க முடியாது. ‘எங்களுக்கு இது பிடித்திருக்கிறது. மாநிலத்துக்கு வருமான வரி இல்லை, கடன் வாங்கிச் செலவழிப்பதில்லை, மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்’ என்பது அது. 2010-க்கும் 2020-க்கும் இடையே மக்கள்தொகை ஏறக்குறைய 40 லட்சம் கூடியது. வருமான வரியை அரசமைப்பிலேயே தடைசெய்யும் திருத்தத்துக்கு 2019-இல் வாக்களித்தவர்களில் நால்வரில் மூவர் ஆதரவு தந்தார்கள். பட்ஜெட்டுக்குப் போதிய வருவாய் இருக்கிறது என்று தேர்தலில் வந்த கம்ப்ட்ரோலர் சான்று தராமல் அது சட்டமாகாது. அது கடைப்பிடிக்கப்படும் கட்டுப்பாடுதான். 1974-இல் சட்டமன்ற உறுப்பினர்களே மாநாடாக உட்கார்ந்து புதிய அரசமைப்பு எழுதப் பார்த்தார்கள். தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று வாக்கு குறைந்து அது கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு அதையே எட்டுத் திருத்தங்களாக்கி மக்கள் முன் வைத்தபோது எட்டையும் நிராகரித்துவிட்டார்கள். ஆகவே குறைந்த வரி என்ற பொருளில் சிறிய அரசை மக்கள் விரும்புகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குறைந்த வரி வேறு, குறைந்த அதிகாரம் வேறு. டல்லஸுக்கு வடக்கே டென்டன் என்ற ஊர், தன் எல்லைக்குள் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை 2014 நவம்பரில் வாக்கெடுப்பால் தடைசெய்தது. ஆதரவு 59 சதவீதம். ஆறே மாதத்தில், 2015 மே மாதம், இந்த விஷயத்தில் ஊர்களுக்கு அதிகாரமே இல்லை என்று ஆஸ்டின் சட்டம் போட்டது. 2023-இல் தொழிலாளர், வேளாண்மை, சொத்து என்று பல துறைகளில் நகராட்சிகளின் கையை மொத்தமாகக் கட்டும் சட்டம் வந்தது. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசே நல்ல அரசு என்று வாஷிங்டனை நோக்கிச் சொல்லும் அதே வாய், டென்டனை நோக்கி வேறு பேசுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: நீங்கள் அரசமைப்பின் தலையில் போடும் பழி உண்மையில் ஒற்றைக் கட்சி ஆட்சியுடையது, 1994-க்குப் பிறகு மாநிலம் தழுவிய எந்தப் பதவியிலும் ஜனநாயகக் கட்சி ஜெயிக்கவில்லை, 2003 முதல் இரு அவைகளும் கவர்னர் பதவியும் குடியரசுக் கட்சியிடம், எந்த அரசமைப்பிலும் இப்படி ஒரு கட்சி உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். பாதி உண்மை. ஆனால் 1979-க்கு முந்தைய நூறு ஆண்டும் டெக்சாஸில் ஒற்றைக் கட்சி ஆட்சிதான், ஜனநாயகக் கட்சியுடையது. அப்போதும் கவர்னர் கட்சியையே கைக்குள் அடக்கிய பேரதிகாரியாக ஆகவில்லை. 1917-இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற கவர்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிதியை ஏறக்குறைய முழுதாக வீட்டோ செய்தபோது, அவர் கட்சியே நிறைந்திருந்த சட்டமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. (இனி பதவி வகிக்கக் கூடாது என்று தீர்ப்பானதால் அவர் மனைவி மிரியம் நின்று 1924-இல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், இந்த உத்தி எந்த நாட்டுக்கும் தனியுரிமை இல்லை.) அன்று ஒரே கட்சிக்குள் பல குழுக்கள் இருந்தன; ஒவ்வோர் உறுப்பினரும் தன் ஊர்ப் பிரமுகர்களுக்குப் பதில் சொன்னார். இன்று எல்லாருக்கும் பொதுவான ஒரு மேலதிகாரி இருக்கிறார்: பிரைமரி எனப்படும் உட்கட்சி வேட்பாளர் தேர்தலில் வாக்களிப்பவர். 2024 மார்ச்சில் பதிவான வாக்காளர்கள் சுமார் 1.79 கோடி, குடியரசுக் கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர்கள் சுமார் 23 லட்சம். பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் தேர்தல் சம்பிரதாயம்தான் என்பதால், மாநிலத்தை ஆள்பவர்களை உண்மையில் தேர்ந்தெடுப்பது இந்த எட்டில் ஒருவர். கவர்னர், துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல், எண்ணெய் ஆணையர், நீதிபதி, கிராமப்புறச் சட்டமன்ற உறுப்பினர் எல்லாரும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். அதிகாரிகளைப் பிரித்து வைத்ததால் என்ன பயன், வாசல் ஒன்றாக இருக்கும்போது?

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் அதைத் தடுத்தவர்கள் கிராமப்புறக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள். அவர்களுடைய ஊரில் தனியார் பள்ளியே இருக்காது. அரசுப் பள்ளிதான் பெரிய வேலைகொடுக்கும் இடம், வெள்ளிக்கிழமை இரவு ஊரே கூடும் கால்பந்து மைதானமும் அங்கேதான். 2023-இல் ஆபட் அதற்காகவே உறுப்பினர்களைத் திரும்பத் திரும்பச் சிறப்புக் கூட்டத்தொடருக்கு அழைத்தார். நவம்பரில் பிரதிநிதிகள் அவை 84-க்கு 63 என்று அதை மசோதாவிலிருந்து நீக்கியது. அவருடைய கட்சியினர் 21 பேர் அதற்கு வாக்களித்தார்கள். அடுத்த பிரைமரியில் கவர்னர் அந்த 21 பேரில் மீண்டும் நின்றவர்கள் பலருக்கு எதிராக வேட்பாளர்களை ஆதரித்துத் தாமே பிரசாரம் செய்தார். டெக்சாஸில் இத்தகைய தேர்தல்களுக்குத் தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பு இல்லை; பென்சில்வேனியாவின் முதலீட்டாளர் ஜெஃப் யாஸ் ஒரே காசோலையில் 60 லட்சம் டாலர் கொடுத்தார். பலர் தோற்றார்கள், சிலர் போட்டியிடாமலே ஒதுங்கினார்கள். 2025 ஏப்ரலில் அதே அவையில் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்த குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர். மே மாதம் 100 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு அது சட்டமானது. சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்த 1876-இன் ஆவணம் கவர்னருக்குத் தந்த கருவிகளில் பிரைமரி இல்லை. அப்படி ஒன்று வரும் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

கடைசி மறுப்பு: தடைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவே. உண்மை, இருக்கின்றன. 2007-இல் பெர்ரி பள்ளி மாணவியருக்கு எச்பிவி தடுப்பூசியைக் கட்டாயமாக்கி ஆணையிட்டபோது, அப்போது அவையில் இருந்த சட்டமன்றம் அதை ரத்துசெய்தது. அவை நடக்க மூன்றில் இரண்டு பங்கினர் இருந்தாக வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு ஜனநாயகக் கட்சியினர் 2003-இல் ஓக்லஹோமாவுக்கும், 2021-இல் வாஷிங்டனுக்கும், 2025 ஆகஸ்டில் இல்லினாய்ஸுக்கும் போய் உட்கார்ந்தார்கள். மூன்று முறையும் கவர்னர் இன்னொரு சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். மூன்று முறையும் அவர்கள் எதிர்த்தது பிறகு நிறைவேறியது. 2023 மே மாதம் பிரதிநிதிகள் அவை அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் மீது ஊழல் குற்றச்சாட்டுகளோடு பதவிநீக்கத் தீர்மானத்தை 121-க்கு 23 என்று நிறைவேற்றியது; தம் கட்சிக்காரர் மீது குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையே கொண்டுவந்தது அது. விசாரணைக்குத் தலைமை வகித்த துணை கவர்னர் பேட்ரிக்கின் தேர்தல் நிதிக்கு, பாக்ஸ்டனை ஆதரித்த ஓர் அரசியல் குழு சில வாரங்கள் முன்பு நன்கொடையும் கடனுமாக 30 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. செனட்டரான பாக்ஸ்டனின் மனைவி விதிப்படி அவையில் அமர்ந்திருந்தார், வாக்களிக்கவில்லை. தேவைப்பட்டது 21; எந்தக் குற்றச்சாட்டுக்கும் 14-க்கு மேல் கிடைக்கவில்லை. 1876-இன் ஏற்பாடு அதன் ஆசிரியர்கள் நினைத்தபடியே வேலைசெய்த இடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத்தான் சொல்வேன். மாநிலத்தின் கடைசிக் குற்றவியல் நீதிமன்றமான அதன் ஒன்பது நீதிபதிகளும் குடியரசுக் கட்சியினர். தேர்தல் குற்றங்களில் அட்டர்னி ஜெனரல் தாமாகவே வழக்குத் தொடர முடியாது, அது மாவட்ட அரசு வழக்கறிஞரின் வேலை என்று 2021 டிசம்பரில் எட்டுக்கு ஒன்று என அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அதிகாரப் பிரிவினை பற்றி அரசமைப்பில் இருக்கும் பழைய வாசகத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். அந்த நீதிபதிகளைத் தோற்கடிக்கச் சொல்லி பாக்ஸ்டன் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார். 2024 மார்ச் பிரைமரியில் அவர்களில் மூவர் மறுதேர்தலுக்கு நின்றார்கள். மூவரும் தோற்றார்கள், 2025 ஜனவரியில் அந்த இடங்களில் புதிய நீதிபதிகள் பதவியேற்றார்கள்.